கேட்ட படங்களும் பார்த்த தந்தையரும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



அண்மையில் பார்த்த திரைப்படங்கள் சிலவற்றைப் பற்றி மனதில் பட்டதைப் பேசும்படி இத்தொடரின் தயாரிப்பாளர் கேட்டார். நான் திரைப்பட விமர்சகன் அல்லன். உயர்தர வகுப்பிலே தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் படிப்பிக்கிறவன். விடுமுறை நாட்களிலே, பழைய மாணவர் ஒருவர் சேகரித்துத் தந்த படங்களை, கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளின் உதவியோடு இரவில் பார்ப்பவன். ஆகவே இதனைத் திறனாய்வு என்று கொள்ளாமல், படம் பார்த்துவிட்டு வந்த ஒருவர் உங்கள் வீட்டு விறாந்தையிலே அமர்ந்து கதைப்பதாகக் கொள்ளுங்கள்.

நாங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்று சொல்வதைக் காட்டிலும், கேட்டு வளர்ந்தவர்கள் என்று சொல்வதே பொருந்தும் என நினைக்கிறேன். 'ஒலிச்சித்திரம்' என்ற ஒன்று இருந்ததை என் வயதையொத்த நேயர்களும் மூத்தோரும் மறந்திருக்கமாட்டார்கள். முழுநீளத் திரைப்படமொன்றின் வசனங்களையும் பாடல்களையும் சுருக்கி வானொலியில் தருவார்கள். படத்தைக் கண்ணால் காணாமலே கதை முழுவதும் விளங்கும். 1959 இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1965 இல் வந்த 'திருவிளையாடல்' ஆகியவற்றின் வசனங்கள் கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலே ஊர் முழுவதும் கேட்கும். ஒரு வரிகூடப் பிசகாமல் ஒப்புவிக்கும் சிறுவர்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருந்தார்கள். அவர்களுள் பலர் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை.

இதனை இழிவாகச் சொல்லவில்லை. தமிழ் உச்சரிப்பையும் சொல்லின் எடுப்பையும் அந்த வசனங்களிலிருந்து கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. வகுப்பறையிலே லகர ளகர ழகர வேறுபாட்டை நாங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதைச் சிவாஜி கணேசன் இரண்டரை மணித்தியாலத்தில் செய்து முடித்தார். ஆனால் இதனால் ஒன்று நேர்ந்தது. படத்தில் வருபவர் தம் துயரத்தைத் தம் வாயாலேயே சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கப் பழகிவிட்டோம். சிறப்பாகத் தந்தை. தமிழ்ப்படத்துத் தந்தை பேசிக்கொண்டே உடைவார். 1970 இல் வந்த 'வியட்நாம் வீடு' படத்தின் பத்மநாபனை நினைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஒரு மனிதரின் வீழ்ச்சி முழுவதையும் அவருடைய குரலே சுமந்து செல்கிறது.

அண்மையில் நான் பார்த்தவற்றுள் மூன்று படங்களை ஒலிச்சித்திரமாக்கவே முடியாது. மூன்றும் மூன்று தந்தையரைப் பற்றியவை. ஒன்று இத்தாலி நாட்டினது. மற்றது யப்பானியப் படம். மூன்றாவது நமது நாட்டின் சிங்களப் படம்.

இத்தாலியப் படம், 1948 இல் விற்றோரியோ டி சிக்கா நெறிப்படுத்திய 'சைக்கிள் திருடர்கள்'. பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950 இல் இலண்டனில் இதனைப் பார்த்த பின்னரே சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை எடுக்கத் துணிந்தார் என்பது பிரசித்தமான செய்தி. எனவே இதனைப் புகழ்வதற்கு நான் தேவையில்லை. ஆனால் நம்மவர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்க்கும்போது, மற்ற நாட்டாருக்கு அவ்வளவாகத் தட்டாத சில இடங்கள் மனதில் தட்டும். அவற்றைச் சொல்கிறேன்.

போர் முடிந்த ரோம் நகரம். வேலையில்லாத் திண்டாட்டம். அன்ரோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். அவனுடைய சைக்கிளோ அடைவிலே இருக்கிறது. மனைவி மரியா கட்டிலில் கிடந்த படுக்கை விரிப்புகளை உருவி எடுக்கிறாள். அவற்றை அடைவு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். அப்போது அடைவுகடையின் உட்புறம் தெரிகிறது. கூரைவரை உயர்ந்த தட்டுகள். அவை நிறையத் துணிப் பொட்டலங்கள். ஊழியன் ஒருவன் மரியாவின் விரிப்புகளைத் தோளிற் போட்டுக்கொண்டு ஏறுகிறான், ஏறுகிறான், இன்னும் ஏறுகிறான். ஒரு நகரத்து மக்கள் எல்லோரும் விரிப்பில்லாமல் படுக்கிறார்கள் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிவிடுகிறார் டி சிக்கா. காப்பையும் தாலிக்கொடியையும் சுற்றிக்கொண்டுபோய்ப் பற்றுச்சீட்டோடு திரும்பி வந்த அனுபவம் உள்ள நமது குடும்பங்களுக்கு இந்தக் காட்சிக்கு உரை எழுதத் தேவையில்லை.

வேலை தொடங்கிய முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. பிறகு படம் முழுவதும் தேடல்தான். அன்ரோனியோவும் அவனுடைய சிறு மகன் புறூனோவும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரோம் நகரத் தெருக்களில் அலைகிறார்கள். ஒரு சைக்கிளுக்காக ஒன்றரை மணித்தியாலப் படமா என்று வேறு நாட்டவர் கேட்கலாம். வடபுலத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். 1990 இற்குப் பின்னர், எரிபொருள் இல்லாத அந்த ஆண்டுகளிலே, விறகு வந்தது சைக்கிளில். நோயாளி போனது சைக்கிளில். இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான் முழுவதும் போனதும் சைக்கிளில்தான். அவ்வளவு ஏன், மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். எனவே சைக்கிள் போய்விட்டது என்று அன்ரோனியோ தலையில் கை வைக்கும்போது அவனுக்கு என்ன போயிற்று என்பது நமக்குக் கணக்காகத் தெரியும்.

படத்தின் முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உதைபந்தாட்ட மைதானத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் நிற்கின்றன. அன்ரோனியோ அவற்றைப் பார்க்கிறான். ஒரு வாசலிலே தனியே சாத்தியிருக்கும் சைக்கிள் ஒன்றையும் பார்க்கிறான். மகனை ட்ராம் வண்டியில் போகச் சொல்லி அனுப்புகிறான். மகனோ வண்டியைத் தவறவிட்டு அங்கேயே நிற்கிறான். தந்தை திருடுவதையும், கூட்டம் துரத்திப் பிடிப்பதையும், கன்னத்தில் அடிப்பதையும், தொப்பி கீழே விழுவதையும் அவன் பார்க்கிறான். ஓடிவந்து அந்தத் தொப்பியை எடுத்துத் தூசு தட்டுகிறான். சைக்கிளுக்குரியவர் அந்தப் பையனைப் பார்க்கிறார். வழக்குக் கிழக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள் என்கிறார்.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்வார். பிறர் இகழ்தலும் இழத்தலும் நிலைதாழ்தலும் வறுமையும். மாணவர்க்கு இந்நான்கையும் தனித்தனியே உதாரணம் காட்டி விளக்குவது வழக்கம். இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கும் ஒருங்கே நிற்கின்றன. அன்ரோனியோ அப்போதுதான் அழுகிறான். மகனுக்கு விளக்கம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. 'உனக்காகத்தானடா செய்தேன்' என்ற வசனம் நமது படமாயிருந்தால் அந்த இடத்தில் கட்டாயம் வந்திருக்கும். இங்கே சிறுவன் தந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் கூட்டத்தோடு கூட்டமாய்ப் போய்விடுகிறார்கள்.

எனக்கு இப்படத்தில் ஒரு குறையும் உண்டு. பின்னணி இசை சற்றுக் கூடுதலாக அழுகிறது. நடிப்பவர்கள் அடக்கமாக இருக்கும்போது வாத்தியக்காரர் ஏன் முந்திக்கொள்ளவேண்டும்? மற்றபடி, அன்ரோனியோவாக நடித்த லம்பேர்த்தோ மஜோரானி நடிகரே அல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருவதாக ஹொலிவூட் தயாரிப்பாளர் ஒருவர் சொன்னதாகவும் டி சிக்கா மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. நல்லகாலம் மறுத்தார். ஆனால் படம் உலகப் புகழ் பெற்ற பிறகு அந்தத் தொழிலாளி தம் பழைய வேலையையும் இழந்து சிரமப்பட்டார். அதையும் இந்தப் படத்தோடு சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது யப்பானியப் படம். யசுஜிரோ ஓசு 1949 இல் எடுத்த 'பிந்திய வசந்தம்'. இதிலே களவில்லை, துரத்தலில்லை, பசியில்லை. மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர், அவருடைய 27 வயது மகள் நொறிக்கோ. மகள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். தந்தைக்குத் தேநீர் வைக்கிறாள். சட்டையை எடுத்துக் கொடுக்கிறாள். இருவரும் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். அதுதான் பிரச்சினை. 'பெட்டைக்கு வயது போகுதே' என்று அத்தை ஒருத்தி கிளம்புகிறாள். இந்த அத்தையை யப்பான்வரை போய்ப் பார்க்க வேண்டியதில்லை, நமது ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறாள். மாப்பிள்ளையின் முகவெட்டைப் பற்றி அவள் சொல்லும் புகழ்ச்சியும், கோயில் வளவிலே கிடந்த காசுப் பையை நல்ல சகுனம் என்று இடுப்புக்குள் செருகிக்கொள்ளும் விதமும் வாய்விட்டுச் சிரிக்க வைத்தன.

நொறிக்கோ கலியாணத்துக்கு மறுக்கிறாள். தன்னை விட்டால் அப்பாவை யார் பார்ப்பார்? அப்போது தந்தை ஒரு பொய் சொல்கிறார். தாம் மறுமணம் செய்யப்போவதாக. மகளின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு மறைகிறது. மறுமணம் அசிங்கமானது என்று குடும்ப நண்பர் ஒருவரிடம் விளையாட்டாகச் சொன்னவள் அவள். இப்போது அது தன் வீட்டிலேயே. அவள் கலியாணத்துக்குச் சம்மதிக்கிறாள்.

கலியாணத்துக்கு முன் இருவரும் கியோட்டோ நகருக்கு ஒரு பயணம் போகிறார்கள். அங்கே தந்தை மகளுக்குப் புத்தி சொல்லும் நீண்ட பேச்சொன்று வருகிறது. தம் வாழ்வு முடியும் தறுவாயிலே இருக்கிறது, அவளுடையது இனித்தான் தொடங்கவிருக்கிறது, சந்தோஷம் தானாக வந்து காத்திருப்பதில்லை, இருவர் சேர்ந்து உண்டாக்க வேண்டியது என்ற பொருளில். முத்தும் சந்தனமும் பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லை என்று கலித்தொகைப் பாலைப்பாட்டு உடன்போக்குப் போன மகளைப் பற்றிச் சொல்லுமே, ஏறக்குறைய அந்த நியாயம். மூன்று படங்களிலும் ஒலிச்சித்திரத்துக்குத் தோதான பகுதி இது ஒன்றுதான். எனக்கு மிகக் குறைவாகப் பிடித்த பகுதியும் இதுதான். அவர் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் அந்த உண்மை ஒரு பொய்யின் மேலே நின்றுகொண்டு பேசுகிறது. மகளுக்கு வேறு வழி விடாமற் செய்துவிட்டு, சந்தோஷத்தை நீதான் உண்டாக்கவேண்டும் என்று சொல்வதில் ஓர் ஆண்மகனின் சௌகரியம் இருக்கிறதல்லவா? பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தந்தையின் தியாகத்தை மட்டும் மெச்சுவது போதாது. நொறிக்கோவை யாரும் கேட்கவில்லை. அவள் விரும்பியது அந்த வீட்டில் இருக்க. அது தவறென்று ஊரும் உறவும் தீர்மானித்தன. ஓசு அவள் பக்கமா தந்தையின் பக்கமா என்பதைக் கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை.

கலியாணத்தையே அவர் காட்டவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாப்பிள்ளையின் முகத்தை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. மணப்பெண் அலங்காரத்தோடு மகள் வணங்கி விடைபெறுகிறாள். அடுத்து வெறும் அறை, ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். கமரா எப்போதும் பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் தாழவே இருக்கிறது. அதனால் அந்த வீட்டு மூலையிலே நாமும் குந்தியிருந்து பார்ப்பதுபோலத் தோன்றுகிறது.

இரவு தந்தை தனியே வீட்டுக்கு வருகிறார். மறுமணம் பொய் என்று மகளின் தோழியிடம் சற்று முன்னர்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். கதிரையில் அமர்ந்து ஓர் அப்பிள் பழத்தின் தோலைச் சீவுகிறார். தோல் அறாமல் நீண்டு வருகிறது. பின்னர் அறுந்து விழுகிறது. கை நின்றுவிடுகிறது. தலை தாழ்கிறது. அந்த இடத்தில் வாய்விட்டு அழும்படி ஓசு கேட்டதாகவும், தம்மால் அது முடியாது என்று தந்தையாக நடித்த சிஷு றியு சொன்னதாகவும், அதனாலேயே தலையை மட்டும் தாழ்த்தியதாகவும் பின்னாளில் றியுவே சொல்லியிருக்கிறார். அழமாட்டேன் என்று சொல்ல ஒரு நடிகரும், சரி என்று ஏற்றுக்கொள்ள ஒரு நெறியாளரும் வாய்த்தார்கள்.

ஆசிரியர் ஓய்வறையிலே இதனைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "என்ன சேர், ஒரு மனுசன் அப்பிள் தோல் சீவினதைப் போய் ஒரு பாட நேரமாய்ச் சொல்லுறியள்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்த வருடம்தான் அவருடைய கடைசி மகள் திருமணமாகிக் கனடாவுக்குப் போயிருந்தாள். படத்தைத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

தமிழிலே இப்படியொன்று இல்லையா என்று நேயர்கள் கேட்பது நியாயம். பேசாத முதியவர் தமிழிலும் ஒருவர் இருக்கிறார். மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திரா 1988 இல் தந்த 'வீடு'. பாட்டில்லாத படம். பேத்தி பட்ட பாட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியே போகிறார். சொக்கலிங்க பாகவதர் அந்தப் பூசாத சுவர்களைத் தடவிக்கொண்டு நடக்கும் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். வீடு முடியும் முன்னரே அவர் முடிந்துபோகிறார். சேரனின் 'தவமாய் தவமிருந்து', 2005 இல் வந்தது, அதிலும் ராஜ்கிரணின் தந்தை நல்ல தந்தைதான். ஆனால் அங்கே மகன் கதைசொல்லியாக வந்து, நாம் என்ன உணரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறான். அது பாடக்குறிப்புப் போல இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதியே களைத்துப்போன எனக்கு அதனால் கொஞ்சம் அலுப்பு.

பாகவதர் தடவிய அந்தப் பூசாத சுவர்தான் என்னை மூன்றாவது படத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கேயும் ஒரு முதியவர், அங்கேயும் கட்டி முடியாத ஒரு வீடு.

பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர'. பௌர்ணமி நாளின் இருள் என்று பொருள் சொல்லலாம். 2000 ஆம் ஆண்டில் இதனைத் திரையிட அரசாங்கம் தடை விதித்தது. நெறியாளர் நீதிமன்றம் போனார். 2001 இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பின்னரே மக்கள் இதனைப் பார்க்க முடிந்தது. படத்தில் ஒரு துப்பாக்கிச் சூடும் இல்லை, ஒரு போர்க்களக் காட்சியும் இல்லை. பார்வையற்ற ஒரு கிழவர்தான் இருக்கிறார். அவரைக் கண்டு ஓர் அரசாங்கம் ஏன் அஞ்சிற்று என்பது படத்தைப் பார்த்தால் விளங்கும்.

வன்னிஹாமி உலர்வலயக் கிராமத்து ஏழை விவசாயி. மகன் பண்டார இராணுவத்தில் சேர்ந்தவன். வடக்கே கண்ணிவெடியில் இறந்துவிட்டதாகச் சொல்லிப் பெட்டி ஒன்று வருகிறது. முத்திரையிடப்பட்ட பெட்டி. திறக்கக்கூடாது. ஊர் கூடி, பிக்கு வந்து, எல்லாச் சடங்கும் முறைப்படி நடக்கிறது. மகள்மார் அழுகிறார்கள். கிழவர் நம்பவில்லை. மகன் இறக்கவில்லை என்கிறார். வாதாடவும் இல்லை, சத்தமிடவும் இல்லை. நம்பவில்லை, அவ்வளவுதான்.

இழப்பீட்டுப் பணம் வரவிருக்கிறது. குடும்பத்துக்குப் பணம் தேவை. வீடு பாதியில் நிற்கிறது. இளைய மகளின் கலியாணம் இருக்கிறது. கிராம சேவகர் படிவத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஒரு கையொப்பம் மட்டும் போதும் என்கிறார். கிழவர் வைக்கமாட்டார். படம் முழுவதும் அந்தப் படிவத்தைச் சுற்றியே நடக்கிறது. கையொப்பமிட்டால் மகன் இறந்துவிடுவான். இடாவிட்டால் குடும்பம் பட்டினி கிடக்கும். ஊர் அவர்மேல் எரிச்சல்படுகிறது. அந்த எரிச்சலை விதானகே வில்லத்தனமாகக் காட்டவில்லை. அவர்களும் ஏழைகள். நியாயத்தோடுதான் எரிச்சல்படுகிறார்கள்.

இந்தப் படத்தைத் தமிழர் ஒருவர் எப்படிப் பார்ப்பது? நேயர்களிடம் மறைப்பானேன், தொடக்கத்திலே எனக்குள் ஒரு விலகல் இருந்தது. பண்டார எங்கே போய் இறந்தான், யாருடைய ஊரில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்ற கேள்விகளைப் படம் எழுப்பவில்லை. தமிழ்ப் பாத்திரம் ஒன்றும் இல்லை. பெட்டி புறப்பட்ட இடத்தில் இருந்தவர்களின் கதை அந்தப் பெட்டிக்கு வெளியே நின்றுவிடுகிறது. இது ஒரு குறையா என்றால், குறைதான் என்று சொல்வேன். ஆனாலும் ஒரு படத்தில் ஒரு கிராமத்தை ஒழுங்காகச் சொல்வதே பெரிய காரியம். எங்கள் கிராமத்தை நாங்கள்தான் சொல்லவேண்டும்.

அந்தப் படிவம் வந்த பிறகு விலகல் போய்விட்டது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் பந்தலிலே பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த தாய்மாரை நாம் அறிவோம். இழப்பீடு வேண்டாம், மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். பதில் கிடைக்காமலே அவர்களுள் பலர் இறந்தும் போனார்கள். வன்னிஹாமிக்கு வந்த பெட்டியாவது ஒன்று வந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை நான் மறக்கவில்லை. ஆனால் பேனையைக் கையில் வாங்க மறுக்கும் அந்த விரல்கள் ஒன்றேதான். 'வாங்கினால் என்ன, காசுதானே' என்று பக்கத்திலிருந்து சொல்லும் உறவினரும் ஒருவரேதான்.

கடைசியிலே வன்னிஹாமி புதைகுழிக்குப் போகிறார். தோண்டத் தொடங்குகிறார். பார்வையற்ற ஒருவர் தம் மகனின் புதைகுழியைத் தாமே தோண்டுகிறார். பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே வாழைத்தண்டும் கற்களும்.

புறநானூற்று 278 ஆம் பாட்டை நேயர்கள் அறிவீர்கள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறங்கொடுத்து இறந்தான் என்று ஊர் சொல்லக் கேட்ட முதிய தாய், வாளோடு களத்துக்குப் போய், கிடந்த பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளிலும் பெரிதாக மகிழ்கிறாள். பல வருடங்களாக இந்தப் பாட்டை வீரத்துக்கு உதாரணமாகப் படிப்பிக்கிறேன். பரீட்சைக்கும் அப்படித்தான் எழுதவேண்டும். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு, பாட்டின் முற்பகுதிதான் திரும்பத் திரும்ப வருகிறது. முடிவில் வரும் அந்த மகிழ்ச்சி அல்ல, அந்தப் புரட்டல். ஊர் சொன்னதை நம்பாமல், தானே போய்த் தன் கையாலே தேடிய ஒரு கிழவி. அவளுக்கு உடல் கிடைத்தது. வீரமா இல்லையா என்பது அதற்குப் பிந்திய கேள்வி. வன்னிஹாமிக்கு அந்த முதற் கேள்விக்கே விடையில்லை. பெட்டியில் மகன் இல்லை. அப்படியானால் உயிரோடு இருக்கிறானா? கொடுக்க உடலே எஞ்சவில்லையா? கிழவர் எதையும் சொல்லவில்லை. ஊர் கலைந்து போகிறது. இழப்பீட்டுப் பணம் இனி என்னாகும் என்று நமக்குத்தான் கவலை வருகிறது.

வன்னிஹாமியாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. 2011 இல் காலமானார். சிங்களத் திரையுலகில் நகைச்சுவை நடிகராகத் தொடங்கியவர். இந்தப் படத்துக்காக 1999 இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகராகத் தெரிவுசெய்யப்பட்டார். நாகேஷை வைத்து இப்படியொரு படம் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நகைச்சுவை நடிகருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்பது நன்றாகத் தெரியும். சிரிப்பு ஒரு விநாடி பிந்தினால் செத்துப்போகும். அந்தக் கணக்கை அவர் இங்கே மௌனத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்.

தெற்கே பஸ்ஸிலே போகும்போது தரிப்பிடங்களில் இறந்த படைவீரர்களின் பெயர் பொறித்த கல்லைப் பார்த்திருக்கிறேன். சிங்கள எழுத்து, பிறந்த திகதி, இறந்த திகதி. இருபது வயது, இருபத்திரண்டு வயது. முன்னர் வயதைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கடந்துபோவேன். இப்போது அந்தப் பெயருக்குரிய வீட்டில் யார் எந்தப் படிவத்தில் கையொப்பம் இட்டிருப்பார் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. ஒரு படம் ஒருவருக்கு இவ்வளவு செய்தால் போதாதா?

நேரம் நெருங்கிவிட்டது. சொல்ல நினைத்த வேறு இரண்டு படங்களை இன்னொரு சந்தர்ப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். 'புரஹந்த களுவர'வைப் பார்க்க விரும்பும் நேயர்கள், சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். என்னுடைய சிங்களம் கடையிலே சாமான் வாங்கவும் பஸ்ஸிலே இறங்கவும் மட்டுமே போதுமானது. கிழவர் பேசும் இடங்களும் அதிகமில்லை. கீழே ஓடும் எழுத்துகளைப் பாதிப் படத்துக்கு மேல் நான் பார்க்கவே இல்லை.